இன்ஷூரன்ஸ் இல்லையா? அப்போ பில்லைப் பார்க்கிற ஆள் நீங்கதான்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்க ஆஸ்பத்திரி பில்லை ரெண்டு மூணு பேர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பாங்க. ஆஸ்பத்திரியோட இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல ஒருத்தர், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பார்க்கிற டி.பி.ஏ. ஆபீஸ்ல ஒரு டாக்டர், அதுக்கப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனி. 'இந்த டெஸ்ட் எதுக்கு? இந்த ரேட் ஒப்பந்தத்துல இல்லையே? கிளவுஸுக்கெல்லாம் தனியா தர மாட்டோம்'னு வரிக்கு வரி வெட்டுவாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாத நம்ம பில்லை யார் பார்க்கிறா? யாரும் இல்ல. கவுன்ட்டர்ல சொல்ற தொகையைக் கேட்டதும் வளையலைக் கழட்டிக்கிட்டு அடகுக் கடைக்கு ஓடறோம்.

மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பில்லிங் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை உங்க அக்காவா சொல்றேன், கேட்டுக்கோங்க. ஆஸ்பத்திரி நடத்துறவங்க எல்லாரும் கொள்ளைக்காரங்கன்னு சொல்ல வரல. தப்பா வர்ற பில்லுல நிறைய, ஷிப்ட் மாறும்போது ரெண்டு தடவை ஏறின என்ட்ரியாத்தான் இருக்கும். கேட்டவங்களுக்கு எடுத்துட்டுக் கொடுப்பாங்க. கேட்காதவங்க கட்டிட்டுப் போவாங்க.

நிஜமாவே உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லையா?

இதைத்தான் முதல்ல பார்க்கணும். 'எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க'ன்னு சொல்ற குடும்பத்துல பீரோவைத் துழாவினா, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை துணி மடிப்புக்குள்ள கிடக்கும். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சது, 2012-லேர்ந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு நடக்குது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா சேரலாம். 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இணைச்சதுக்கப்புறம், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கிடைக்குது. அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கிட்ட வாங்கின வருமானச் சான்றிதழ் மூணையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகணும். சந்தேகம்னா 1800 425 3993, காசில்லாத நம்பர்தான், கூப்பிடுங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வாசல்ல 'இத்திட்டம் இங்கு செயல்படுத்தப்படுகிறது'ன்னு போர்டு இருந்தாலே எல்லா வைத்தியமும் கவராகும்னு நினைச்சுடாதீங்க. கண்ணுக்கு மட்டும் சேர்ந்த ஆஸ்பத்திரி இருக்கும், எலும்புக்கு மட்டும் சேர்ந்தது இருக்கும். 'எங்கப்பாவுக்குப் பண்ணப்போற இந்த ஆபரேஷனுக்கு இங்க திட்டத்துல அனுமதி உண்டா?'ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. இதைக் கேட்க வேண்டியது, அட்மிஷன் டெஸ்க்ல இல்ல. திட்டத்துக்குன்னு ஒரு மேஜை போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவர்கிட்ட. திட்டத்துல எடுத்துக்கிட்ட வைத்தியத்துக்கு மேற்கொண்டு உங்ககிட்ட கை நீட்டக் கூடாது. நீட்டினா அதே நம்பர்ல புகார் சொல்லலாம்.

ஈ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். பையன் மில்லுல, கம்பெனியில மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கறான்னா, சம்பளச் சீட்டுல ஈ.எஸ்.ஐ. பிடிச்சிருக்கான்னு பாருங்க. அவனை நம்பி இருக்கிற அம்மா அப்பாவுக்கும் அதுல வைத்தியம் உண்டு. பிடித்தம் மட்டும் மாசாமாசம் போய்க்கிட்டிருக்கும், கார்டு எங்கேன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது.

ரோட்டுல அடிபட்டவங்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48'னு 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துல அடிபட்டவர் யாரா இருந்தாலும், வெளிமாநிலத்துக்காரரா இருந்தாலும், முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான். ஆம்புலன்ஸ்காரர்கிட்ட 'நம்மைக் காக்கும் 48 இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

ஜி.எச்.சுக்குப் போறதுன்னா முதல்லயே போங்க

இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்றேன். நம்ம ஜனங்க தனியார்ல கையில இருக்கிறது, கழுத்துல இருக்கிறது, கடைசியில காட்டுல இருக்கிறது எல்லாத்தையும் வித்துக் கட்டிட்டு, இனிமே முடியாதுன்னு ஆனப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அங்க இருக்கிற டாக்டர் என்ன பண்ணுவார்? பத்து நாள் முன்னாடி வந்திருந்தா செஞ்சிருக்கக் கூடியதை இப்ப செய்ய முடியாது. அப்புறம் 'ஜி.எச்.ல பார்க்கலை'ன்னு பேர் வேற.

சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி மாதிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல தலைக்காயம், தீக்காயம், பாம்புக்கடி, சிக்கலான பிரசவம்னு நாள் பூரா பார்த்துப் பழகின கைகள் இருக்கு. கூட்டம் இருக்கும், கட்டில் சில நேரம் கிடைக்காது, கழிவறை முகம் சுளிக்க வைக்கும். ஒத்துக்கிறேன். ஆனா நீண்ட நாள் ஐ.சி.யூ. தேவைப்படும்னு டாக்டர் சொல்ற கேஸா இருந்தா, ராத்திரி தனியார்ல சேர்த்து நிலைமை சீரானதும் 'இப்ப மாத்தலாமா?'ன்னு மறுநாள் காலையிலயே கேளுங்க. வென்டிலேட்டர்லயே ஒரு வாரம் ஆனப்புறம் கேட்காதீங்க.

ஸ்கேனுக்கும் இதே கதைதான். அரசு ஆஸ்பத்திரிகள்ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துற ஸ்கேன் மையங்கள்ல சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய்ங்கிற அளவுலதான் வாங்கறாங்க. அவசரமில்லாத ஸ்கேன்னா அங்க போய் விசாரிக்கிறதுல தப்பே இல்ல.

தனியார்லயும் ஒரே மாதிரி இல்லை. மதுரையில 1976-ல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, முத்துலட்சுமி ரெட்டி 1954-ல ஆரம்பிச்ச அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இடங்கள்ல, வசதி இருக்கிறவங்க கட்டுறாங்க, இல்லாதவங்களுக்கு இலவசமாவோ குறைச்சோ பார்க்கிறாங்க. மிஷன் ஆஸ்பத்திரிகள்ல 'சோஷியல் வொர்க்கர்'னு ஒருத்தர் இருப்பார். அவரைப் பார்க்கணும்னு சேர்க்கிற அன்னிக்கே கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்குப் போய் நின்னா அவராலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

எந்த ரூம்ங்கிறதுலதான் பாதி பில் இருக்கு

அட்மிஷன் போடறப்ப, 'ஜெனரல் வார்டா, ஷேரிங்கா, தனி ரூமா?'ன்னு கேட்பாங்க. நாம என்ன நினைப்போம்? தினம் ஆயிரமோ ரெண்டாயிரமோ கூட வரும், போகட்டும், அம்மா நிம்மதியா தூங்கட்டும்னு நினைப்போம். ரூம் வாடகை மட்டும் மாறுறதா இருந்தா அது சரியான கணக்குதான். நிறைய தனியார் ஆஸ்பத்திரிகள்ல ரூமோட சேர்ந்து எல்லாமே மாறும். அதே டாக்டர், அதே ரெண்டு நிமிஷம் வந்து பார்ப்பார். ஜெனரல் வார்டுல அவருக்கு ஒரு விசிட் ஃபீஸ், தனி ரூம்ல வேற. அதே ரத்தப் பரிசோதனை, அதே மெஷின், ரேட் வேற. அதே ஆபரேஷன், அதே தியேட்டர், அதே கத்தி. சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் மூணும் ரூமுக்குத் தகுந்தபடி ஏறும்.

உதாரணத்துக்குச் சொல்றேன், தொகை ஊருக்கு ஊர் மாறும். ஜெனரல் வார்டுல விசிட்டுக்கு 400 வாங்கற டாக்டருக்கு, தனி ஏ.சி. ரூம்ல 900 போடுவாங்க. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, கூட ஒரு சர்க்கரை டாக்டர், ஒரு நெஞ்சு டாக்டர். அஞ்சு நாள் இருந்தா விசிட்லயே எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. அந்தக் காசுக்கு அம்மாவுக்குக் கூடுதலா கிடைச்சது ஒரு டி.வி.யும் ஒரு சோபாவும்.

அதனால அட்மிஷன் டெஸ்க்ல கேட்க வேண்டிய கேள்வி 'ரூம் வாடகை எவ்வளவு?' இல்ல. 'ரூம் மாறினா வேற எதெல்லாம் மாறும்? டாரிஃப் கார்டைக் காட்டுங்க'. நோயாளி உரிமைகள் சாசனம்னு தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல தயாரிச்சது ஒண்ணு இருக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் அதை 2019-ல எல்லா மாநிலத்துக்கும் அனுப்பிச்சுது. முக்கியமான கட்டணங்களை உள்ளூர் மொழியிலயும் இங்கிலீஷ்லயும் எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி எழுதி வைக்கணும்னு அதுல இருக்கு. அதுவே சட்டமில்ல, சாசனம்தான். ஆனா 'சாசனத்துல இருக்கே'ன்னு நிதானமா ஒரு வார்த்தை சொன்னா மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க. எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு: தினம் 5,000 ரூபாய்க்கு மேல வாடகை உள்ள ரூமுக்கு 2022 ஜூலையிலேர்ந்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஐ.சி.யூ.வுக்குக் கிடையாது. 5,200 ரூபாய் ரூமுக்கும் 4,900 ரூபாய் ரூமுக்கும் நடுவுல இருக்கிறது 300 ரூபாய் மட்டுமில்ல.

'ஜெனரல் வார்டு காலி இல்ல, இப்போதைக்குத் தனி ரூம்ல இருங்க'ன்னு சொன்னா, 'சரி, ஆனா ஜெனரல் வார்டு ரேட்டுலயே பில் போடுவீங்கன்னு அட்மிஷன் ஷீட்ல எழுதிக் கொடுங்க'ன்னு கேளுங்க. சில இடத்துல கொடுப்பாங்க, சில இடத்துல மாட்டாங்க. மாட்டேன்னு சொன்னா, வார்டு காலியானதும் மாத்தச் சொல்லி வார்டு சிஸ்டர்கிட்ட தினமும் ஞாபகப்படுத்துங்க. அவங்களுக்கு ஆயிரம் வேலை, நம்ம ரூம் அவங்க ஞாபகத்துல இருக்காது.

எஸ்டிமேட்டும் பேக்கேஜும்

அவசரம்னா காசு பேச்சே கிடையாது, முதல்ல வைத்தியம். உயிருக்கு ஆபத்தான நிலையில வர்றவங்களுக்கு அரசா தனியாரான்னு பார்க்காம முதலுதவி செய்யணும்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லிடுச்சு. 'அட்வான்ஸ் கட்டினாத்தான் தொடுவோம்'னு சொல்ல யாருக்கும் உரிமையில்ல.

நாள் குறிச்சுப் பண்ற ஆபரேஷன்னா, ஹெர்னியா, கர்ப்பப்பை, கண்புரை, மூட்டு மாத்துறது மாதிரி, எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. வாயால சொன்ன தொகை காத்தோட போச்சு. ரெண்டு மூணு இடத்துல வாங்குங்க. 'எனக்கு இன்ஷூரன்ஸ் இல்ல, கையிலேர்ந்துதான் கட்டப்போறேன், பேக்கேஜா சொல்லுங்க'ன்னு கேளுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குன்னு பேசி வச்ச பேக்கேஜ் ரேட் பெரும்பாலும் எல்லா இடத்துலயும் இருக்கும். அந்தக் காசு வந்து சேர மாசக்கணக்காகும். நீங்க அன்னிக்கே கட்டுறீங்க. அந்த ரேட்டை உங்களுக்கும் கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

பேக்கேஜ்னு சொன்னதும் சந்தோஷப்பட்டுடாதீங்க. அதுல எது சேராதுன்னு கேளுங்க. சிசேரியன் பேக்கேஜ்ல குழந்தை டாக்டர் சேரமாட்டார். கண்புரை பேக்கேஜ்ல லென்ஸ் எந்த வகைன்னு இருக்காது. மூட்டுல இம்ப்ளான்ட் தனின்னுவாங்க. பித்தப்பையில, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பற பயாப்ஸி தனின்னுவாங்க. நாள் கூடிட்டா ஒரு நாளைக்கு எவ்வளவுன்னும் கேட்டு அந்தத் தாள்லயே எழுதிக்கோங்க.

மருந்துப் பை

ஆஸ்பத்திரி பில்லுல ஓட்டை இருக்கிற இடம் எதுன்னு என்னைக் கேட்டா, ஃபார்மசின்னுதான் சொல்வேன். இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

காலையில சிஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. நீங்க கீழே போய் பை நிறைய வாங்கிட்டு வந்து கொடுப்பீங்க. அது வார்டு அலமாரிக்குள்ள போயிடும். சாயந்திரம் டாக்டர் வந்து ஆன்டிபயாட்டிக்கை மாத்திடுவார். காலையில வாங்கினதுல நாலு ஊசி அப்படியே இருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தா, பிரிக்காததா இருந்தா, ஃபார்மசியில எடுத்துக்கிட்டு 'ரிட்டர்ன் பில்' போட்டு வரவு வைக்கணும். வைப்பாங்க, யாராவது திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தா! ஐ.சி.யூ.வுல இன்னும் மோசம்: மருந்து நேரா உள்ளேயே போகும், நம்ம கண்ணுலயே படாது. அதனால தினமும் ஒரு தடவை, 'சிஸ்டர், ரிட்டர்ன் ஏதாவது இருக்கா?'ன்னு சிரிச்ச முகத்தோட கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கட்டாயம் கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி 'தியேட்டர் கிட்'னு ஒரு மூட்டை வாங்கச் சொல்வாங்க. அதுலயும் பிரிக்காத தையல் நூல், கையுறை, ஊசி மிச்சமிருக்கும். ஃபைனல் பில்லுல 'ஃபார்மசி ரிட்டர்ன்'னு ஒரு வரி கழிவுல வந்திருக்கணும். அஞ்சாறு நாள் இருந்தும் அந்த வரி பூஜ்யமா இருந்தா கேள்வி கேட்க வேண்டியதுதான்.

அடுத்தது விலை. எம்.ஆர்.பி.க்கு மேல யாரும் வாங்க முடியாது, ஆஸ்பத்திரியா இருந்தாலும். ஆனா அந்த எம்.ஆர்.பி.யே எப்படி அச்சாகுதுங்கிறதுதான் கதை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், என்.பி.பி.ஏ.ன்னு சொல்வாங்க, டெல்லி வட்டாரத்துல நாலு தனியார் ஆஸ்பத்திரியோட பில்களை அலசி 2018 பிப்ரவரியில ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. சில பொருளுக்கு 1,737 சதவீதம் வரைக்கும் லாபம்னு அதுல இருந்தது. எம்.ஆர்.பி.க்கு மேல ஒத்தக் காசு வாங்காமலேயே இது நடந்திருக்கு. சிரிஞ்ச், டிரிப் செட், கையுறை மாதிரி சில்லறைச் சாமான்லதான் இது நடக்கும். விலை கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்துல இவ்வளவு வழியில்ல.

'எங்க ஃபார்மசியிலதான் வாங்கணும்'னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நான் சொன்ன சாசனத்துல இருக்கு. ஆனா 2025 மார்ச்சுல இதைப் பத்தின வழக்குல உச்ச நீதிமன்றம் நேரடியா உத்தரவு போடாம, மாநில அரசுகள்தான் இதுக்குக் கொள்கை வகுக்கணும்னு விட்டுடுச்சு. அதனால கதவை உடைச்சுக்கிட்டுப் போக முடியாது, பேசித்தான் பார்க்கணும். ஐ.சி.யூ. மருந்துக்கு இதை வச்சு மல்லுக்கு நிக்காதீங்க. குளிர்ல வைக்க வேண்டிய ஊசியை நீங்க ஆட்டோவுல கொண்டு வந்தீங்கன்னா அவங்க யோசிக்கிறதுலயும் நியாயம் இருக்கு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு மாசத்துக்கு எழுதிக் கொடுக்கிற மாத்திரை இருக்கு பாருங்க, அதைக் கட்டாயம் வெளியில வாங்குங்க. மக்கள் மருந்தகத்துலயோ, 2025 பிப்ரவரியில திறந்த முதல்வர் மருந்தகத்துலயோ அதே மருந்து ஜெனரிக்கா கிடைக்குமான்னு பாருங்க. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது ஆயுசுக்கும் வர்ற மிச்சம்.

ஸ்டென்ட் வச்சா இதை ஞாபகம் வச்சுக்கோங்க. 2017 பிப்ரவரி வரைக்கும் மருந்து தடவின ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேல வித்துக்கிட்டிருந்தது. என்.பி.பி.ஏ. அதுக்கு 29,600 ரூபாய்னு உச்ச விலை வச்சுது. நடுவுல கொஞ்சம் ஏறி இறங்கி, வரி நீங்கலா 40,000-க்குள்ள நிக்குது. அதே வருஷம் ஆகஸ்ட்ல மூட்டு இம்ப்ளான்ட்டுக்கும் உச்ச விலை வந்துச்சு. பில்லுல 'கார்டியாக் பேக்கேஜ்'னு ஒரே வரியா போடக் கூடாது. ஸ்டென்ட் தனி வரியா, கம்பெனி பேர், பேட்ச் நம்பரோட வரணும். பெட்டி மேல இருக்கிற ஸ்டிக்கரைக் கிழிச்சு ஃபைல்ல ஒட்டியிருப்பாங்க. ரெண்டையும் ஒத்துப் பாருங்க. எத்தனை ஸ்டென்ட் வச்சாங்களோ அத்தனை ஸ்டிக்கர் இருக்கணும். விலை கூடன்னு பட்டா என்.பி.பி.ஏ.வோட 1800 111 255-க்குக் கூப்பிடுங்க. இன்னொண்ணும் சொல்றேன், ஸ்டென்ட் விலை இறங்கினதும் சில இடத்துல பலூன், ஒயர், கேத் லேப் சார்ஜ் எல்லாம் ஏறிக்கிச்சு. அதனால ஸ்டென்ட் வரியை மட்டும் பார்த்துட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

கூட இருக்கிறவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், கணக்குக்குப் பொறுப்பெடுத்துக்கணும். மாமா கொஞ்சம் கட்டினார், தம்பி ஜி.பே. பண்ணான், அண்ணி அட்வான்ஸ் ரசீதை வச்சிருக்காங்கன்னு இருந்தா, கடைசியில கட்டின காசே கணக்குல வராமப் போயிடும். பத்து ரூபாய்க்கு எழுதற நோட்டு ஒண்ணு வாங்கிக்கோங்க. எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், என்ன டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, ஆக்சிஜன் எப்ப வச்சு எப்ப எடுத்தாங்க, எக்ஸ்ரே மெஷின் ரூமுக்கே வந்துச்சா, கீழே கூட்டிட்டுப் போனாங்களா. இவ்வளவுதான் எழுதணும். ஆக்சிஜன் மணிக்கணக்குல ஏறும். மானிட்டர், சிரிஞ்ச் பம்ப்புக்கெல்லாம் நாள் வாடகை. 'மாஸ்க்கை நேத்து காலையிலயே எடுத்துட்டாங்களே'ன்னு நேரத்தோட சொன்னீங்கன்னா மறுபேச்சு இருக்காது.

தினமும், இல்லேன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள், இடைக்கால பில்லைக் கேட்டு வாங்குங்க. சும்மா மொத்தத் தொகை மட்டும் இருக்கிற தாள் வேண்டாம். 'பிரேக்-அப்போட வேணும்'னு கேளுங்க. ஐட்டம் ஐட்டமா பில் வாங்குறது உங்க உரிமை. டிஸ்சார்ஜ் நாள்ல கார் கீழே நிக்கும், பாட்டி சக்கர நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க, அப்ப பத்துப் பக்க பில்லை யாரும் படிக்க மாட்டாங்க. மூணாவது நாள்ல ரெண்டு பக்கத்தைப் படிக்கலாம்.

அதுல எங்க கண்ணை வைக்கணும்? ஒரே தேதியில ஒரே டெஸ்ட் ரெண்டு தடவை. 'லிவர் ப்ரொஃபைல்'னு ஒரு தொகை போட்டுட்டு, அதுக்குள்ளேயே வர்ற பிலிருபின், எஸ்.ஜி.பி.டி.யைத் தனித்தனியாவும் போட்டிருக்கிறது. நீங்க பார்த்தே இராத டாக்டர் பேர்ல 'கிராஸ் கன்சல்டேஷன்'. பிசியோ வந்தது ரெண்டு நாள், பில்லுல அஞ்சு. ஐ.சி.யூ.லேர்ந்து வார்டுக்கு மாறின நாள்ல ரெண்டு பெட்டுக்கும் முழு நாள் வாடகை. காலையில டிஸ்சார்ஜ்னு டாக்டர் சொல்லியும் பில் ரெடியாக சாயந்திரமாகி, அதுக்கு இன்னொரு நாள் வாடகை! இந்தக் கடைசிக்கு ஒரு வழி இருக்கு. நாளைக்கு டிஸ்சார்ஜ்னு தெரிஞ்சா, முந்தின நாள் சாயந்திரமே வார்டுல சொல்லி சம்மரியை டைப் பண்ண வச்சுடுங்க. ஒரு நாள் கணக்கு எத்தனை மணிக்கு மாறும்னும் சேர்த்துக் கேட்டு வச்சுக்கோங்க.

டாக்டர்கிட்ட தினமும் கேட்க ஒரு கேள்வி: 'ஐ.சி.யூ.ல இன்னிக்கும் இருக்க வேண்டியதுக்கு என்ன காரணம் டாக்டர்?' சண்டைக்குக் கேட்கிற மாதிரி கேட்காதீங்க. நல்ல டாக்டர் காரணத்தைச் சொல்வார், இல்லேன்னா 'ஆமா, வார்டுக்கு மாத்திடலாம்'னுவார்.

தள்ளுபடியை யார்கிட்ட கேட்கணும்?

பில்லிங் கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட கேட்காதீங்க. அவளுக்கு அதிகாரமில்ல, திட்டு வாங்கறதுக்கு மட்டும்தான் உட்கார்ந்திருக்கா, பாவம். முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, ரவுண்ட்ஸ்ல பத்துப் பேர் நடுவுல இல்ல, ஓ.பி. முடிஞ்சு தனியா இருக்கும்போது. அவரோட ஃபீஸை அவரே நினைச்சாக் குறைக்கலாம், ஃபைல்லயே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுவார். அப்புறம் மேனேஜர், மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட். 'ஏதாவது பார்த்துப் பண்ணுங்க'ன்னு பொதுவா கேட்டா, பொதுவா ஒரு ஆயிரம் ரூபாய் கழிச்சுட்டு அனுப்புவாங்க. 'மொத்தம் இவ்வளவு, கட்டினது இவ்வளவு, எங்களால இன்னும் இவ்வளவுதான் முடியும்'னு தாள்ல எழுதி நீட்டுங்க. கையில பணம் இருந்தா, 'இன்னிக்கே முழுசா கட்டிடறேன், இவ்வளவு குறைங்க'ன்னு கேட்கிறதுக்கு மதிப்பு அதிகம்.

ஈ.எம்.ஐ.யில கட்டலாம்னு ஃபைனான்ஸ் கம்பெனி ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. வட்டியில்லன்னு சொன்னாலும் பிராசஸிங் ஃபீஸைக் கேளுங்க. ஐ.சி.யூ. வாசல்ல நின்னுக்கிட்டு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

பேசித் தீரலைன்னா

பில் பாக்கிக்காக ஆளை வெளியே விடாம வைக்கிறதோ, இறந்தவங்க உடலைக் கொடுக்காம வைக்கிறதோ கூடாது. சாசனத்துல தெளிவா இருக்கு. அப்படி நடந்தா 112-ஐக் கூப்பிட்டு போலீஸ்ல சொல்லுங்க. பாக்கியை வசூலிக்கச் சட்டத்துல வேற வழி இருக்கு, அதுக்கு மனுஷ உடம்பைப் பிணையா வைக்க முடியாது.

பில் தப்புன்னு தோணுது, ஆனா நோயாளியைக் கூட்டிட்டுப் போயாகணும்னா, கட்டிட்டு 'இன்னின்ன வரிகளை ஆட்சேபிச்சுக் கட்டுறேன்'னு எழுதிக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கோங்க. கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002-லேயே மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. அப்புறம் எழுத்துல புகார்: முதல்ல ஆஸ்பத்திரிக்கு, அடுத்து மாவட்டத்துல இருக்கிற மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு. தனியார் ஆஸ்பத்திரிக்கு உரிமம் கொடுக்கிற சட்டம் தமிழ்நாட்டுல 1997-லேர்ந்து இருக்கு, உரிம விஷயம் அந்த ஆபீஸ் வழியாத்தான் போகும். அதனால அங்கேர்ந்து ஒரு கடிதம் வந்தா ஆஸ்பத்திரியில சும்மா இருக்க மாட்டாங்க.

நுகர்வோர் ஆணையமும் இருக்கு. காசு வாங்கிட்டுச் செய்ற வைத்தியமும் சேவைதான்னு உச்ச நீதிமன்றம் 1995-ல சொன்னதுலேர்ந்து இந்தக் கதவு திறந்திருக்கு. நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையத்துல புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாம நீங்களே போகலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும். அதுக்கு முன்னாடி நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்க. அதுலயே தீர்ந்துடற கேஸும் உண்டு.

பணம் கட்டும்போது ரெண்டு விஷயம். 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க ஆஸ்பத்திரிக்கு வருமான வரிச் சட்டத்துல அனுமதியில்ல. அதனால கார்டு, யு.பி.ஐ., செக்குன்னு தடயத்தோட கட்டுங்க. இன்ஷூரன்ஸ் இல்லாத, 60 வயசு தாண்டின அம்மா அப்பா வைத்தியத்துக்குக் கட்டினதுல வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரைக்கும் வரி விலக்கு கேட்கலாம். பழைய வரி முறையில இருந்தாத்தான், ரொக்கமா கட்டாம இருந்தாத்தான். இன்ஷூரன்ஸ் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் இந்த விலக்குன்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடறாங்க. பில்லையும் ரசீதையும் மார்ச் மாசம் ஆபீஸ்ல கேட்கும்போது தேடாம, இப்பவே போட்டோ எடுத்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்க.